பலிபீடத்தின்மேல் ஒரு சரித்திர ஆசிரியை

சீர்திருத்தக்காரன் ஒருவன் தோன்றுகிறான், தீய வழக்கமொன்றைக் கண்டிக்கிறான், பூசாரிகள் எதிர்க்கிறார்கள், முடிவில் ஜனங்கள் கண்விழித்து அவன் பக்கம் சேர்கிறார்கள். இத்தகைய கதைகள் எத்தனையோ நாம் படித்திருக்கிறோம். படிக்கும்பொழுது உள்ளம் பூரிக்கின்றது. புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்து பார்த்தாலோ, வழக்கமும் பூசாரியும் இருந்த இடத்திலேயே இருக்கக் காண்கிறோம். சீர்திருத்தம் தோற்றுப்போகும் கதையை எழுதத் துணிந்தவர் வெகு சிலர். அதையும் சிறுவர் பார்க்கும் நாடகமாக எழுதத் துணிந்தவர் அவரினும் சிலர். அவர்களில் ஒருவர் ஜான் லூகரோட்டி என்பவர். அவர் எழுதிய நாடகம் "ஆஸ்டெக்குகள்" என்பது. 1964-ம் ஆண்டு மே மாதம் 23-ம் தேதி முதல் ஜூன் மாதம் 13-ம் தேதி வரையில், நான்கு சனிக்கிழமை மாலைகளில், பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகமாகிய பி.பி.ஸி.யின் தொலைக்காட்சியில் அது காட்டப்பெற்றது. "டாக்டர் ஹூ" என்னும் விஞ்ஞானக் கற்பனைத் தொடரில் அஃது ஆறாவது கதை.

அத்தொடரின் வரலாற்றை விரிக்க வேண்டுவதில்லை. வேண்டிய அளவு மட்டும் கூறுவோம். அமெரிக்க ஜனாதிபதி கென்னடி கொலையுண்ட மறுநாள், 1963-ம் ஆண்டு நவம்பர் 23-ம் தேதி, அதன் முதற் பகுதி வெளிவந்தது. காலத்திலும் வெளியிலும் செல்லவல்ல ஓர் ஊர்தி. அதனைச் செலுத்தும் முதியவர் ஒருவர். அவருடைய பேத்தி ஸூஸன். அவள் படித்த பள்ளியின் ஆசிரியர் இருவர்: இவ்வளவே கதையின் முதல். அவ்வாசிரியர் இருவருள் ஐயன் செஸ்டர்ட்டன் விஞ்ஞானம் கற்பிப்பவர். பார்பரா ரைட் என்னும் அம்மையார் சரித்திரம் கற்பிப்பவர். சிறுவர்க்கு விளையாட்டோடு விளையாட்டாக விஞ்ஞானத்தையும் சரித்திரத்தையும் புகட்டவேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம். அந்நாளில் பி.பி.ஸி. நாடகப் பகுதியில் தயாரிப்பாளராக விளங்கிய ஒரே பெண்மணி வெரிட்டி லாம்பர்ட் இதனைத் தயாரித்தார். முதற் கதையை நடத்திக் கொடுத்தவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுஸைன் என்பதையும் நம்மவர் அறிந்து வைத்திருத்தல் நன்று.

இனிக் கதைக்கு வருவோம். ஊர்தி ஒரு கல்லறைக்குள் வந்து இறங்குகிறது. அது யெடாக்ஸா என்னும் பெருங்குருவின் சமாதி. பார்பரா, எலும்புக்கூட்டின் அருகே கிடந்த சர்ப்ப வடிவான கடகம் ஒன்றை எடுத்து, வேடிக்கையாகக் கையில் அணிந்துகொள்கிறாள். சமாதியின் கதவு உள்ளிருந்து திறக்குமேயன்றி வெளியிலிருந்து திறவாது. நால்வரும் வெளியே வந்தபின் கதவு அடைத்துக்கொள்கிறது. வெளியே நிற்பதோ ஆஸ்டெக் மக்களின் கோயில் உச்சி! கல்லறையைத் தீண்டியவள் என்று பிடிக்கப்பட்ட பார்பராவின் கையில் கடகத்தைக் கண்டதும், பிடித்தவர்களே காலில் விழுகிறார்கள். இறந்த பெருங்குரு பெண்ணுருவில் மீண்டு வந்தார் என்பது அவர்கள் முடிவு. அந்த நொடியில் லண்டன் பள்ளிக்கூடத்துச் சரித்திர ஆசிரியை, மெக்ஸிகோவின் நடமாடும் தெய்வமாகிவிடுகிறாள்.

அவளுக்கு இருபுறமும் இரு குருமார். ஒருவர் ஆட்லாக், அறிவுக்குரிய குரு, சாந்தமும் ஆராய்ச்சியும் உடையவர். மற்றவன் த்லோடாக்ஸல், பலிக்குரிய குரு. வறட்சி நிலவுகிறது, மழைக்காக ஒரு மனிதனைப் பலியிட ஏற்பாடாகியுள்ளது. சரித்திரம் கற்பித்த பார்பராவுக்கு இம்மக்களின் முடிவு தெரியும். ஸ்பெயின் தேசத்தார் வந்தார்கள். நரபலி ஒன்றையே கண்டார்கள். அதைச் சாக்கிட்டு, நல்லதையும் கெட்டதையும் ஒருங்கே அழித்தார்கள் என்பது அவள் கற்ற பாடம். இப்பொழுதே நரபலியை ஒழித்துவிட்டால், நல்லதேனும் பிழைக்குமன்றோ? தெய்வமாகத் தான் இட்ட கட்டளையை மறுப்பார் யார்? "இனி இங்கே பலி இல்லை" என்று ஆணையிடத் தீர்மானிக்கிறாள்.

டாக்டர் பதறுகிறார். சரித்திரத்தின் ஒரு வரியையும் உன்னால் மாற்ற முடியாது என்று அவளிடம் மன்றாடுகிறார். அவள் கேட்கவில்லை.

பலிமேடைக் காட்சியே இந்நாடகத்தின் உயிர்நாடி. பலிக்குரியவனைக் கல்லின்மேல் கிடத்துகிறார்கள். கத்தி ஓங்கப்படுகிறது. "நிறுத்துக!" என்கிறாள் பார்பரா. எல்லோரும் திகைத்து நிற்கின்றனர். சாதாரணக் கதையாயின், அம்மனிதன் அவள் காலைப் பற்றிக் கண்ணீர் சொரிந்து நன்றி கூறுவான். இங்கே நடப்பது வேறு. தன் மானம் போயிற்று, தனக்கு உரிய பெருமை பறிக்கப்பட்டது என்று அவன் மனமுடைகிறான். கோயிலின் விளிம்புக்கு ஓடிக் குதித்து உயிரை விடுகிறான். உடனே இடி முழங்குகிறது, மழை கொட்டுகிறது. "பார்த்தீர்களா? சாவு வந்தது, மழையும் வந்தது" என்னும் பொருள்பட த்லோடாக்ஸல் வெற்றி முழக்கம் செய்கிறான்.

மூடநம்பிக்கை எவ்வாறு உயிர் வாழ்கிறது என்பதை விளக்க நூறு பிரசங்கங்கள் செய்யலாம். இந்த ஒரு நிமிடக் காட்சி அவை அனைத்தையும் விஞ்சுகிறது. மழை தன் காலத்தில் தானே வந்தது. ஆனால் வந்த வேளை பூசாரிக்கு அனுகூலமான வேளை. அவன் பொய் சொல்லவும் இல்லை, கண்டதையே சொன்னான். இனி யார் எவ்வளவு தர்க்கம் செய்தாலும், நேரில் கண்ட ஜனங்கள் நம்புவார்களா? காப்பாற்றப்பட வேண்டியவனே காப்பாற்றுதலை அவமானமாகக் கருதினான் என்பது அதனினும் பெரிய அடி. பூசாரியின் கையிலுள்ள கத்தியைப் பிடுங்கிவிடலாம். பலியாகிறவன் உள்ளத்தில் இருக்கும் கத்தியை எப்படிப் பிடுங்குவது?

நாடகம் கூறும் மக்கள் யாவர்? சரித்திரம் அவர்களை மெஷிகர் என்று சொல்லும். ஆஸ்டெக் என்பது பிற்காலத்தில் பரவிய பெயர். டெஷ்கோகோ ஏரியின் நடுவே, 1325-ம் ஆண்டில் நிறுவப்பெற்றதாக வழங்கும் டெனோச்டிட்லான் என்பது அவர்கள் தலைநகர். கரையோடு அதனை இணைத்தன நீண்ட அணைச்சாலைகள். நீர்ப்பரப்பிலேயே மண்மேடுகள் அமைத்துப் பயிர் விளைத்தனர். தூரத்து ஊற்றிலிருந்து நல்ல நீரைக் கால்வாய்மூலம் கொணர்ந்தனர். அந்நகரில் இரண்டு லட்சம் மக்கள் வாழ்ந்தனர் என்று ஆராய்ச்சியாளர் பலர் கணக்கிடுவர். வந்து பார்த்த ஸ்பானியப் போர்வீரர் கனவோ நனவோ என்று மயங்கினர். பொதுமக்கள் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் உண்டு. வண்டிச் சக்கரத்தை மட்டும் அவர்கள் பயன்படுத்தவில்லை. நாடகத்தில் டாக்டர் சமாதிக் கதவைத் திறப்பதற்கு மரத்தில் ஒரு கப்பிச் சக்கரம் செதுக்குவதாக வருவது இக்குறிப்பைக் கொண்டே.

நம் சமையலறைக்கும் அந்நாட்டுக்கும் உள்ள தொடர்பு சிறிதன்று. நாம் நாள்தோறும் அரைக்கும் மிளகாய் முதன்முதல் பயிரானது மெக்ஸிகோ நிலத்தில். தக்காளிக்கு ஆங்கிலேயர் வழங்கும் பெயர் அம்மக்களின் நாவாட்ல் மொழிச் சொல்லின் திரிபே. பால்மரம் சீவிய குடும்பங்களில் பிறந்தோர்க்கு இன்னுமொரு செய்தி: மெஷிகர் ரப்பரை நன்கு அறிந்திருந்தனர். அவர்கள் பால் எடுத்த மரம் வேறு. நம் தோட்டத்து மரம் பிரேஸில் நாட்டு அமேஸான் காட்டினின்று வந்தது. எனினும் அப்பாலை உறையவைத்துப் பந்து செய்து விளையாடினர். கீழ்ப்பட்ட மாகாணத்தார் கட்டிய கப்பத்தில் பதினாறாயிரம் ரப்பர்ப் பந்துகள் இருந்தன என்று பழைய மெக்ஸிகோச் சித்திர ஏடு ஒன்று காட்டுகிறது. மழைத் தெய்வமாகிய த்லாலோக்குக்குப் படைக்கும் காகிதத்தின்மேல் அந்த ரப்பர்ப் பாலைத் துளி துளியாகத் தெளிப்பதும் உண்டாம்.

அதே த்லாலோக்குக்கு வேறொன்றையும் படைத்தார்கள். நாடகத்தில் மழைக்காகப் பலியாகிறவன் வளர்ந்த வீரன். உண்மையில் த்லாலோக்குக்கு உகந்ததாகக் கருதப்பட்டது குழந்தைகளின் பலி. போகும் வழியில் குழந்தை அழுதால் மழை நிறையப் பெய்யும் என்று நம்பினார்கள்! டெனோச்டிட்லானின் பெருங்கோயிலைத் தோண்டியபோது, த்லாலோக்கின் பக்கத்தில் ஒரே குழியில் நாற்பத்திரண்டு குழந்தைகளின் எலும்புகள் அகப்பட்டன. 1454-ம் ஆண்டையொட்டிய கொடும் பஞ்சத்தின்போது அவை புதைக்கப்பட்டிருக்கலாம் என்பர். லூகரோட்டி எழுதிய நாளில் இக்குழி தோண்டப்படவில்லை. 1978-ம் ஆண்டில் மெக்ஸிகோ நகரின் வீதியில் மின்சாரக் கம்பிக்காகப் பள்ளம் எடுத்த தொழிலாளிகள் மாபெரும் வட்டச் சிற்பம் ஒன்றைக் கண்டதன் பின்னரே அக்கோயில் முறையாக வெளிப்படலாயிற்று. 2015-ம் ஆண்டு முதல் அதன் அருகே மண்டையோட்டுக் கோபுரமும் வெளிப்பட்டது. அதிலிருந்து அறுநூறுக்கும் மேற்பட்ட மண்டையோடுகள் எடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் பெண்டிர், சிறுவர் உடையனவும் உண்டு. ஆகவே நரபலி என்பது ஸ்பானியர் கட்டிய கட்டுக்கதை என்று வாதிப்போர்க்கு இனி இடமில்லை. அதேபோல, 1487-ம் ஆண்டுக் கோயில் விழாவில் எண்பதினாயிரம் பேர் வெட்டப்பட்டனர் என்று பழைய நூல்கள் கூறும் கணக்கையும் இக்கால ஆராய்ச்சியாளர் நம்புவதில்லை. கொடுமை கொடுமையே, அதற்குப் பொய்க்கணக்குத் துணை வேண்டுவதில்லை.

ஏன் செய்தார்கள்? மனம் கல்லானதனால் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்துபோகும். ஆனால் அது விடையாகாது. தேவர்கள் தம் இரத்தத்தையும் உயிரையும் தந்து சூரியனை நடக்கவைத்தார்கள், அந்தக் கடனை மனிதர் திருப்பிச் செலுத்தாவிடில் சூரியன் நின்றுவிடும், உலகம் அழியும். இதுவே அவர்கள் கொண்ட கொள்கை. உலகைக் காக்கச் சாகிறோம் என்று நினைப்பவனிடம் "நீ சாகவேண்டாம்" என்றால், "உலகம் அழியட்டும்" என்று சொன்னதாகவே அவன் காதில் விழும். லூகரோட்டி இதனை உணர்ந்து எழுதியிருக்கிறார். அவர் படைத்த பலிவீரன் பைத்தியக்காரன் அல்லன். தன் கணக்கில் தவறாதவன்.

அதற்குப்பின் கதை சூழ்ச்சியில் விரைகிறது. தெய்வம் பலியைத் தடுக்குமா என்று த்லோடாக்ஸல் ஐயுறுகிறான். ஐயனை வீரன் இக்ஸ்டாவோடு மோதவிடுகிறான். முள்ளில் தடவிய மருந்தால் ஐயன் தள்ளாடும்போது, "நீ யெடாக்ஸாவானால் அவனைக் காப்பாற்று" என்கிறான். பார்பரா அற்புதம் ஒன்றும் செய்யவில்லை; த்லோடாக்ஸலின் கழுத்தில் கத்தியை வைக்கிறாள்! நரபலியை ஒழிக்கவந்த தெய்வம் கத்தி தூக்கவேண்டி வந்த இக்காட்சியை நாடகாசிரியர் ஒன்றும் பேசாமல் நடத்திவிடுகிறார். நாம்தான் நினைத்துப் பார்க்கவேண்டும். பின்னர் நஞ்சு கலந்த பானம் வருகிறது. கொண்டுவந்தவனையே முதலில் குடிக்கச் சொல்லி அவள் தப்புகிறாள். "நான் தெய்வம் அல்லேன், ஆனால் அதை ஊருக்குச் சொல், நம்புகிறார்களா பார்ப்போம்" என்ற கருத்துப்பட த்லோடாக்ஸலிடமே ஒப்புக்கொள்கிறாள். ஆக, தெய்வம் பொய் என்பது தெரிந்தவர் இருவர். ஒருவர் தெய்வம், மற்றவர் பூசாரி. ஜனங்கள் மட்டும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பூசாரித்தனத்தின் இலக்கணமே இதில் அடங்கியிருக்கிறது அன்றோ?

இங்கேதான் பார்பராவின் முயற்சியிலுள்ள பெருங்குறை புலனாகிறது. பலி என்னும் மூடவழக்கத்தை ஒழிக்க அவள் கைக்கொண்ட கருவி, அவதாரம் என்னும் மற்றொரு மூடவழக்கம். கேள்வி கேட்காமல் கீழ்ப்படியும் பழக்கத்தை வைத்தே, கேள்வி கேட்காமல் கொல்லும் பழக்கத்தை மாற்றப் பார்க்கிறாள். ஆணையின் பலம் கடகத்தில் இருந்தது, கருத்தில் இருக்கவில்லை. கடகத்தின்மேல் ஐயம் விழுந்த அன்றே கருத்தும் வீழ்ந்தது.

சரித்திரத்தை மாற்ற முடியாது என்று டாக்டர் சொல்வது, விதியை வெல்ல முடியாது என்னும் பழம்பாட்டின் புதிய ராகமே என்று சிலர் கூறக்கூடும். நமக்கும் முதலில் அவ்வாறு தோன்றக்கூடியதே. நாடகத்தைக் கூர்ந்து நோக்கினால் அது சரியன்று. பார்பராவைத் தோற்கடிப்பது விதியன்று. மாயச் சுவர் எதுவும் அவள் முன் எழும்பவில்லை. அவளைத் தோற்கடிப்பவை கண்ணுக்குத் தெரியும் காரணங்கள்: பலியாவோன் தேடும் பெருமை, பலியிடுவோன் பெறும் அதிகாரம், வறட்சிக்கு அஞ்சும் உழவர் கூட்டம், அவள் ஏறி நின்ற பொய்ப்பீடம். காரணம் தெரிந்தால் பரிகாரம் தேடலாம். விதி என்பவன் காரணமே தேடமாட்டான்.

இரண்டாவது பலி இந்தச் சூழ்ச்சிகளின் ஊடே ஆயத்தமாகிறது. கிரகண நாளில் பலியாகவேண்டிய இளைஞன் ஒருவன். குறையற்றவன் எனத் தேர்ந்தெடுக்கப்பட்டவன். அவன் கேட்டதெல்லாம் கொடுக்கப்படும். அவன் ஸூஸனை மணமகளாகக் கேட்கிறான். தன் கணவனைத் தானே தேர்ந்துகொள்வேன் என்று அப்பெண் மறுக்கிறாள். அதற்காகத் தண்டனை விதிக்கப்படுகிறது. இவ்விளைஞன் முற்றிலும் கற்பனையல்லன். டோஷ்காட்ல் என்னும் திருவிழாவுக்கென ஓர் இளைஞனை ஆண்டு முழுதும் தேவனைப்போல் அலங்கரித்துக் குழலூதி உலாவச் செய்வர். கடைசி இருபது நாளில் நான்கு மங்கையரை மனைவியராக்குவர். முடிவில் அவன் கோயிற்படி ஏறும்போது தன் குழல்களை ஒவ்வொன்றாக ஒடித்துக்கொண்டே ஏறுவான். பெர்னார்டினோ டி ஸஹகூன் என்னும் பாதிரியார், அந்நாட்டு மாணவர்களோடு சேர்ந்து பன்னிரண்டு பாகமாகத் தொகுத்த பெருநூலில் இது விரிவாகக் காணப்படும்.

அந்த டோஷ்காட்ல் விழாவுக்கு 1520-ம் ஆண்டு மே மாதம் நேர்ந்தது என்ன? கோர்ட்டெஸ் ஊரில் இல்லாத சமயம், அவனுடைய தளகர்த்தன் அல்வராடோ, கலகம் மூளப்போகிறது என்று காரணம் காட்டி, கோயில் முற்றத்தில் நடனமாடிக்கொண்டிருந்த நிராயுதபாணிகளான பிரபுக்களையும் வீரர்களையும் வாயில்களை அடைத்து வெட்டிச் சாய்த்தான். ஓர் இளைஞனின் பலிக்கென ஏற்பட்ட விழாவில் எத்தனையோ உயிர்கள் போயின. பலிகொடுத்தவர் நாகரிகமற்றவர் எனப்பட்டனர். வெட்டியவர் நாகரிகம் கொண்டுவந்தவர் எனப்பட்டனர்.

நரபலியை ஒழித்திருந்தால் ஆஸ்டெக்குகள் பிழைத்திருப்பார்கள் என்று பார்பரா நம்பினாள். இவ்விடத்தில் நாடகம் அவளுடைய கருத்தைப் போதிய அளவு சோதிக்கவில்லை என்பது எமது துணிபு. கோர்ட்டெஸ் 1519-ம் ஆண்டு சுமார் ஐந்நூறு வீரரோடு கரையிறங்கியது பொன்னுக்காகவும் நிலத்துக்காகவும். டெனோச்டிட்லானின் கப்பத்தால் நொந்திருந்த த்லஷ்கலா நாட்டார் ஆயிரக்கணக்கில் அவனோடு சேர்ந்தனர். அவர்களும் நரபலி இடுவோரே. நகரத்தை உள்ளிருந்து முறித்தது 1520-ம் ஆண்டில் பரவிய பெரியம்மை. 1521-ம் ஆண்டு ஆகஸ்டு 13-ம் தேதி நகரம் வீழ்ந்தது. பொன்னாசைக்கும், அண்டை நாட்டார் பகைக்கும், பெரியம்மைக்கும் நரபலி நின்றதா நிற்கவில்லையா என்பது பொருட்டாகுமா? நரபலி படையெடுப்புக்குக் காரணமன்று. படையெடுத்த பிறகு கிடைத்த நியாயம். ஒரு சமூகத்தின் தீய வழக்கம் அச்சமூகத்தை முதலில் கொல்கிறது. அடுத்து, அதைக் கொள்ளையிட வருகிறவன் கையில் நற்சாட்சிப் பத்திரமாகவும் ஆகிவிடுகிறது.

இந்த நியாயம் ஒருமுறை வெளிப்படையாக விசாரணைக்கு வந்தது. 1550-ம் ஆண்டில் ஸ்பெயின் தேசத்து வல்லடோலிட் நகரில், ஐந்தாம் சார்லஸ் மன்னன் கூட்டிய சபையில், ஸெபுல்வெடா என்னும் பண்டிதர் ஒரு பக்கமும், லாஸ் கஸாஸ் என்னும் பாதிரியார் மறுபக்கமும் வாதாடினர். நிரபராதிகளைப் பலியிடும் மக்கள்மேல் படையெடுத்து அவர்களை அடக்குதல் தருமம் என்றார் ஸெபுல்வெடா. லாஸ் கஸாஸ் கொடுத்த விடை வியக்கத்தக்கது. தெய்வம் என்று தாம் நம்பும் ஒன்றுக்குத் தம்மிடமுள்ள மிக உயர்ந்த பொருளாகிய உயிரையே படைக்கிறார்கள். அது பிழை, ஆனால் மனித அறிவு வழுக்கி விழக்கூடிய பிழை. அந்நியர், அதிலும் கொள்ளைக்காரரோடு கூட வருகிற அந்நியர், வந்து ஒருநாள் சொன்ன சொல்லுக்காக மூதாதையர் காலத்து வழக்கத்தை உடனே விட்டுவிட வேண்டும் என்று யார் எதிர்பார்க்கலாம்? சிலரைக் காப்பாற்றப் பல்லாயிரவரைக் கொல்வது எந்த நியாயத்தில் சேரும்? இவ்வாறு சென்றது அவருடைய வாதம். இவரே இளமையில் ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாமென்று யோசனை கூறியவர்; பின்னாளில் அதற்காக வருந்தியவர். சபை தீர்ப்பு என்று ஒன்றும் வெளியிடவில்லை.

பார்பரா கொள்ளைக்காரி அல்லள், அன்பினால் செய்தாள். ஆயினும் லாஸ் கஸாஸ் எழுப்பிய கேள்வி அவளுக்கும் பொருந்தும். நேற்று வந்தவள் சொன்னாள் என்று அவர்கள் ஏன் விடவேண்டும்?

நாடகத்தில் அக்கேள்விக்கு ஒருவர் மட்டும் விடை தேடுகிறார். அவர் ஆட்லாக். பலியில் அவருக்கு முன்பே சிறிது ஐயம் இருந்தது. பார்பராவின் பேச்சு அதைத் தூண்டிவிட்டது. அவரை நம்பிப் பார்பரா மேலும் துணிந்தபோது, ஐயன் அவளிடம் ஒரு கசப்பான உண்மையைச் சொல்கிறான்: இந்த ஊருக்கு எடுத்துக்காட்டு த்லோடாக்ஸலே, ஆட்லாக்தான் விதிவிலக்கு என்று. நமக்குப் பிரியமான ஒருவரைக் கண்டு, ஊரெல்லாம் அவரைப்போலவே இருக்கும் என்று கணக்கிட்டு ஏமாறாத சீர்திருத்தக்காரர் உலகில் உண்டோ?

மெய்யான சரித்திரத்தில் ஆட்லாக் போன்றார் இருந்தனரா? டெஷ்கோகோ நகரத்து மன்னன் நெஸஹுவால்கோயோட்ல் பலியை வெறுத்து, உருவமற்ற ஒரு தெய்வத்தை நாடினான் என்று, அவன் மரபில் வந்த இஷ்ட்லில்ஷோசிட்ல் என்பவர் எழுதிவைத்திருக்கிறார். அவர் எழுதியது மன்னன் 1472-ம் ஆண்டில் இறந்து நூறாண்டுக்கும் மேல் கழிந்த பின்னர்; ஸ்பானிய ஆட்சியில்; தம் முன்னோர் கிறிஸ்து மதத்துக்கு ஏற்றவரே எனக் காட்டவேண்டிய தேவையோடு. ஆகவே இக்கால ஆராய்ச்சியாளர் அதை எளிதில் ஒப்புவதில்லை. ஐயுற்றோர் இருந்திருப்பர்; அவர்கள் பெயரை எழுதிவைக்கக் கையில் எழுதுகோல் இருந்தவன் வேறொருவன்.

நாடகத்திற்குக் குறைகளும் உண்டு. ஆஸ்டெக் பாத்திரங்கள் அனைவரும் ஆங்கில நடிகர்கள். அந்நாட்டாரில் ஒருவரும் இல்லை. பெயர்கள் பெரும்பாலும் ஆசிரியர் இட்டவை. நகரம் என்பது திரையில் தீட்டிய ஓவியம். எனினும் அரங்கமைத்த பாரி நியூபெரியின் உழைப்பு அக்குறையை மறக்கச் செய்கிறது. பார்பராவாக நடித்த ஜாக்குலின் ஹில் அம்மையாரின் நடிப்போ, ஆசனத்தில் இருக்கையில் அரசியாகவும், இறங்கினால் கலங்கிய ஆசிரியையாகவும் மாறி மாறித் தோன்றுவது. த்லோடாக்ஸலாக வந்த ஜான் ரிங்ஹாம் கூனிக் குறுகி வஞ்சகம் பேசுவது சற்று மிகை என்பாரும் உளர். எமக்கு அது குறையாகப் படவில்லை. அக்காலத்துப் பி.பி.ஸி. நாடாக்கள் பல அழிக்கப்பட்டன. லூகரோட்டி இதற்குமுன் எழுதிய மார்க்கோ போலோ கதையின் ஏழு பகுதிகளும் அவ்வாறு மறைந்தன. "ஆஸ்டெக்குகள்" நான்கு பகுதியும் முழுமையாகப் பிழைத்தது நம் நற்பேறு.

இக்கதையில் ஒரு சிறு காதலும் உண்டு. 52 வயதைக் கடந்தோர் ஓய்வாக வாழும் தோட்டத்தில் டாக்டர், கமெக்கா என்னும் முதுமகளைச் சந்திக்கிறார். கொக்கோ விதை அந்நாட்டில் நாணயமாகவும் வழங்கியது. அதன் பானம் மேலோர் பருகுவது. ஒரு பெண்ணுக்கு ஆண் கொக்கோ கலந்து கொடுத்தால் மண ஒப்பந்தம் என்பது நாடகத்தில் வழக்கம். அதை அறியாமல் கிழவர் கொக்கோ காய்ச்சிக் கொடுத்து, மாப்பிள்ளையாகி விழிக்கிறார்! சிறுவர் சிரிப்பதற்கு வைத்த காட்சிதான். ஆனால் சரித்திரத்தைத் தொடாதே என்று முழங்கியவரே ஒரு பெண்ணின் வாழ்வைத் தொட்டுவிட்டார் என்பதும் அதில் இருக்கிறது. கடைசியில் ஸூஸனை விடுவிக்க உதவுகிறவளும் அக்கமெக்காவே.

அவ்விடுதலைக்கு வேண்டிய பொருளைத் தந்தவர் ஆட்லாக். தம் வீட்டின் உரிமையையே காவலாளிக்குக் கையூட்டாகக் கொடுக்கும்படி கமெக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, பதவியையும் ஊரையும் துறந்து, உண்மையைத் தேடி வனாந்தரத்துக்குத் தனியே போய்விடுகிறார். அவருக்குச் சீடர் இல்லை; கொடி இல்லை; அவர் எங்கே போனார் என்று நாடகம் பின்தொடர்ந்து காட்டவும் இல்லை.

கிரகணம் சூழ்கிறது. ஐயன் இக்ஸ்டாவைக் கோயில் உச்சியில் எதிர்த்து வீழ்த்துகிறான். கப்பி சுழன்று சமாதிக் கதவு திறக்கிறது. நால்வரும் உள்ளே புகுகின்றனர். வெளியே, த்லோடாக்ஸலின் கத்தி குறித்த நேரத்தில் இறங்குகிறது. சூரியன் மீண்டும் தோன்றுகிறான். நாம் தோற்றோம் என்கிறாள் பார்பரா. ஆட்லாக்குக்குப் பொய் நம்பிக்கை ஊட்டி, இருந்த நம்பிக்கையையும் பறித்தேனே என்று வருந்துகிறாள். ஒரு நாகரிகத்தைக் காப்பாற்ற உன்னால் முடியவில்லை, ஒரு மனிதனுக்கு உதவினாய், அவன் மேலான நம்பிக்கையைத் தேடிப் போயிருக்கிறான் என்று டாக்டர் தேற்றுகிறார். அவள் தேறினாளா என்பது முகத்தில் தெரியவில்லை.

மற்றவர்கள் ஊர்திக்குள் ஏறிவிட்டனர். கமெக்கா தந்த பதக்கம் டாக்டர் கையில் இருக்கிறது. அதைச் சமாதியிலேயே வைத்துவிட்டு இரண்டடி நடக்கிறார்; நிற்கிறார்; திரும்பி வந்து அதை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறார்.